கட்டணம் நீங்கியது, வகை நீங்கவில்லை: இலங்கையின் தேசியக் கல்வி முறைமை குறித்து

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் தொடங்கியது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அதை அப்படியே ஏற்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அதுவரை பாடசாலைக் கட்டணம் கட்டியவர்கள் யார்? சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் அதற்கு முன்பும் கட்டணம் இருக்கவில்லை. கட்டணம் அறவிட்டவை ஆங்கிலப் பாடசாலைகள்தான். அரசாங்க உத்தியோகம், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் அவற்றின் வழியாகவே போக வேண்டியிருந்தது. 1945 இன் சாதனை அந்த ஆங்கிலப் பாடசாலைகளின் கதவை ஏழைப் பிள்ளைக்குத் திறந்தது. ஆனால் அந்தக் கதவுகள் எந்த ஊர்களில் இருந்தன என்பதை அது தானாக மாற்றிவிடவில்லை. ஒரு பாடசாலைக்குள் யார் நுழையலாம் என்பதை இந்நாட்டு அரசு பலமுறை திருத்தியிருக்கிறது. எந்த ஊரில் எந்த வகைப் பாடசாலை நிற்கும் என்பதை மிக அரிதாகவே திருத்தியிருக்கிறது. நம் கல்விச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவதில் உள்ள குறையை முதலாவதைக் கொண்டு ஈடுசெய்யப் போய் வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாடசாலைகளின் அமைவிடத்தை முதலில் தீர்மானித்தவை மிஷன்கள். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. அதற்கு எதிர்வினையாக 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போட்டி நல்லதையே செய்தது: ஒரு சிறிய குடாநாட்டில் பாடசாலைகள் நெருங்கி நின்றன. தென்மேற்குக் கரையோரத்திலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து உதவி நன்கொடை முறை வந்தபோது, பாடசாலை நடத்த வல்லவர்களுக்கே அரசின் பணம் போய்ச் சேர்ந்தது. உலர்வலயக் கிராமங்களுக்கும் மலையகத்துக்கும் அப்படி நடத்துவார் குறைவு. பாடசாலை உள்ள இடத்துக்கே மேலும் பாடசாலை வந்தது.

1945 இன் மாற்றத்துக்கு அடித்தளமிட்ட, அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கண்ணங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையை நான் மதிப்போடுதான் வாசிக்கிறேன். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வியையும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியையும் அது துணிந்து முன்வைத்தது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பிள்ளைகளைச் சோதித்து, அதன் பின் அவர்களை மூன்று வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்றது. கல்வித்துறை சார்ந்த இடைநிலைப் பாடசாலை ஒன்று, சிரேஷ்ட பாடசாலை ஒன்று, செய்முறைப் பாடசாலை ஒன்று. அந்த மூன்று பிரிவும் சொன்னபடி அமையவில்லை. ஆயினும் பதினொரு வயதுக்குள் பிள்ளையைச் சலித்தெடுக்கும் எண்ணம் நிலைத்துவிட்டது. இன்றைய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அதன் நேர் வாரிசு.

மத்திய பாடசாலைகளைக் காட்டி என்னை மறுக்கலாம். 1940களில் கிராமங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு விடுதியும் உணவும் அங்கே இலவசம். அவை ஒரு தலைமுறையையே மாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றி என் வாதத்தையே உறுதிசெய்கிறது. விஞ்ஞான ஆய்வுகூடமும் விடுதியும் உள்ள பாடசாலை கிராமத்துக்கே வந்தபோது கிராமத்துப் பிள்ளை படித்தது. வராத இடத்துக்கு இலவசக் கல்வி சட்டத்தளவிலேயே வந்து சேர்ந்தது.

வராத இடம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி தோட்ட முகாமைத்துவத்தின் கடமையாக 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைக்கப்பட்டது. அதுவும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு. பத்து வயதில் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கும் என்ற கணக்கு அந்த வயதெல்லைக்குள்ளேயே இருந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று, நாடளாவிய அரச பாடசாலை வலையமைப்பு ஒன்றை உருவாக்கியது. அப்போதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970களின் பிற்பகுதியில்தான் அவற்றில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. கண்ணங்கரா அறிக்கைக்கும் இதற்கும் இடையில் கடந்தது ஒரு முழுத் தலைமுறை. பழைய தோட்டப் பாடசாலைக் கட்டடம் ஒன்றைக் கண்டவர்களுக்கு அந்த இடைவெளி என்னவென்று தெரியும்: தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், ஒரே மண்டபம். தடுப்பு கிடையாது. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கு மேலே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் குரலெடுத்துக் கற்பிப்பார். மழை பெய்தால் இருவருமே நிறுத்திவிடுவார்கள். சுவீடன் நாட்டு உதவியோடு 1980களில் கட்டடங்கள் வரத் தொடங்கின. ஆனால் கட்டடம் உயர்ந்த வேகத்தில் பாடசாலையின் வகை உயரவில்லை.

இங்கே ‘வகை’ என்பது நிர்வாகச் சொல். தரம் 1 முதல் 5 வரை ஆரம்பநிலை, 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை, 10, 11 இல் சாதாரண தரம், 12, 13 இல் உயர்தரம் என்ற ஏணி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றே. பாடநூல் இலவசம், சீருடைத்துணியும் இலவசம். ஆனால் அந்த ஏணி எல்லாப் பாடசாலையிலும் கடைசிப் படி வரை போவதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 உடன் நிற்பவை வகை 2, ஆரம்ப வகுப்புகளோடு அல்லது தரம் 8 உடன் நிற்பவை வகை 3. நாட்டில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உண்டு. அவற்றில் 1ஏபி ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு பாடசாலைகள் மாகாண சபைகளிடம் போயின. அப்போது பெரிய பாடசாலைகளைத் தேசிய பாடசாலை என்ற பெயரில் மத்திய அமைச்சு தன்னிடமே வைத்துக்கொண்டது. வகைக்கு மேல் இன்னொரு வகை. ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்து வாசலில் தாய்மார் நெஞ்சு படபடக்கக் காத்து நின்றதெல்லாம் உதவிப்பணத்துக்காக என்று நினைப்பவர் இந்நாட்டை அறியாதவர். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுவதற்குப் பத்து வயதில் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

பல்கலைக்கழக அனுமதியை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தை வைத்து வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவனுக்கு 250, சிங்களமொழி மாணவனுக்கு 227. ஒரே பரீட்சையை எழுதிய இருவருக்கு மொழியின் பெயரால் இரு அளவுகோல் வைத்தது அநீதி. அதன் விலையை இந்நாடு பல பதிற்றாண்டுகள் செலுத்தியது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு தன்மையது. விஞ்ஞான உயர்தரம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. நோக்கத்தை நான் மறுக்கவில்லை. எனக்குப் பிடிபடாதது அதன் அலகு. மாவட்டம் என்பது நிர்வாகக் கோடு. நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே நகரத்து 1ஏபி பாடசாலையில் படித்தவளுக்கும், பதினோராம் தரம் வரை தோட்டத்தில் படித்துவிட்டு ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி உயிரியல் படித்தவளுக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. இருவரும் ‘பின்தங்கிய மாவட்டம்’. ஒதுக்கீட்டின் பயன் அந்த மாவட்டத்தில் யாருக்கு முதலில் போகும் என்று ஊகிக்கக் கணிதம் தேவையில்லை.

அந்த இரண்டாவது மாணவியின் செலவை எண்ணிப் பாருங்கள். பாடசாலைக் கட்டணம் இல்லை. அறை வாடகை உண்டு, சாப்பாட்டுக் காசு உண்டு, பஸ் காசு உண்டு, மூன்று பாடத்துக்கும் ரியூசன் காசு உண்டு. கொழுந்து எடுக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்து இதெல்லாம் வர வேண்டும். 1945 இல் நீக்கியதாகச் சொல்லப்படும் கட்டணம் வேறு உருவில் அவள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. அவளது பாடசாலை 1ஏபியாக இருந்திருந்தால் இதில் பாதியாவது எழுந்திராது.

இதற்குப் புதிதாகத் தரவு திரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எந்த மாவட்டத்தின் கணக்கில் விண்ணப்பதாரியைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க, அவர் கடைசி மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இப்போதே கேட்கிறது. அந்தக் கேள்வியைத் தரம் 6 வரை பின்னோக்கி நீட்டி, ஒவ்வொரு பாடசாலையின் வகையையும் அதோடு பதிந்தால், ஒதுக்கீட்டை மாவட்டத்திலிருந்து பாடசாலை வகைக்கு மாற்றலாம். எந்தக் கல்வி வலயத்தில் தரம் 11 உடன் ஏணி முறிகிறது என்பதும், அடுத்த விஞ்ஞான ஆய்வுகூடத்தை எங்கே கட்ட வேண்டும் என்பதும் அதே பதிவிலிருந்து ஆண்டுதோறும் தெரியவரும்.