தாயின் அச்சமும் சேயின் மூச்சும்

கருவுற்ற பெண் தடுப்பூசியை மறுப்பதும் அன்பினால், ஏற்பதும் அன்பினால். அந்த அன்பு எப்பக்கம் சாயும் என்பதை, அவள் யார் சொல்லை நம்புகிறாள் என்பதே பெரிதும் முடிவு செய்கின்றது. கக்குவான் இருமலைப் பற்றிய பிரிட்டனின் அரை நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

தாய்மாரின் அச்சத்திற்கு ஆழ்ந்த வேர் உண்டு. கர்ப்பகாலக் குமட்டலுக்கு அங்கு வழங்கப்பட்ட தலிடோமைடு என்னும் மருந்து, கை கால் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. கருவுற்ற காலத்தில் எம்மருந்தும் வேண்டா என்னும் எச்சரிக்கை நெஞ்சில் பதிந்தது. 1974இல், கக்குவான் தடுப்பூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்குமோ என்ற ஐயத்தை ஒரு மருத்துவக் கட்டுரை எழுப்பியது. ஊசி பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடு அளவிற்குக் குறைந்தனர். 1977-79இல் எழுந்த கொள்ளைநோய் 1,00,000 பேருக்கு மேல் பற்றியது. பின்வந்த ஆய்வுகள் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தவில்லை; ஆயினும் குலைந்த நம்பிக்கை மீளப் பல ஆண்டுகள் ஆயின.

2012இல் நோய் மீண்டும் பெருகியது. இங்கிலாந்தில் 14 பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். அங்கே குழந்தைக்கு முதல் ஊசி எட்டாவது வாரத்தில்தான். அதுவரை அதற்குக் கவசம் இல்லை. அத்துணைச் சிறு குழந்தைக்குச் சில வேளை இருமலே வெளிப்படாது. மூச்சு மட்டும் நின்றுவிடும். எனவே அவ்வாண்டு அக்டோபரில், கருவுற்ற தாய்க்கே ஊசி இடும் திட்டம் தொடங்கிற்று. தாயின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியே சேயைச் சேர்கின்றன. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இது 90 விழுக்காடு அளவிற்குக் காவலாய் நின்றதென 2014இல் வெளியான ஆய்வு கண்டது. ஊசி பெற்ற ஏறத்தாழ 20,000 பெண்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, குழந்தை இறந்து பிறப்பது அதனால் கூடியதற்குச் சான்று எதனையும் காணவில்லை.

ஆயினும் தயக்கம் தீரவில்லை. ஊசி பெறாத பெண்களுள் சிலர், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என அஞ்சியதாகக் கூறினர். எவரும் தமக்கு எடுத்துச் சொல்லவே இல்லை என்றனர் வேறு சிலர். ஏற்றவர்களுள் பலரோ, தாம் நம்பிய மருத்துவச்சியின் அல்லது மருத்துவரின் சொல்லையே காரணமாகக் காட்டினர். ஒரு காலத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பங்கேற்பு, 2024 மார்ச்சில் 60க்கும் கீழே இறங்கியிருந்தது. அவ்வாண்டில் இங்கிலாந்தில் 11 பச்சிளங்குழந்தைகள் இந்நோய்க்கு இரையாயினர்.

நோய் அடங்கினால் அதன் நினைவும் மங்கிவிடுகின்றது. ஊசியைப் பற்றிய அச்சமோ எஞ்சி நிற்கின்றது. எனவே கேள்வி கேட்கும் தாயை அறியாதவள் என்று ஒதுக்குவது, அவள் அச்சத்தின் வரலாற்றை மறப்பதாகும். அவளது வினாவைப் பொறுமையோடு கேட்டு உண்மையான விடை கூற ஒருவர் அருகிருந்தால், அந்த அச்சமே சேயின் மூச்சைக் காக்கும் விழிப்பாக மாறும்.