புயத்துத் தழும்பின் வரலாறு

எமது தலைமுறையினரில் பெரும்பாலானோரின் இடது மேற்புயத்தில் ஒரு சிறு தழும்பு உண்டு. குழந்தையாக இருந்தபோது ஏற்றப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் வடு அது. நாம் ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த காலத்தில் பல இடங்களில் எமது முன்னங்கையில் மன்ரூ ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளவுகோலால் அளந்தார்கள். தடித்திருந்தால் மார்பு எக்ஸ்ரே, பிறகு கேள்விகள். 'இது சின்னனிலை போட்ட ஊசியாலை' என்று புயத்தைக் காட்டிச் சொன்னவர்கள் எம்மிடையே பலர். அந்தப் பதில் சரியா, பிழையா என்று வைத்தியர்களாலும் அன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்னர் அது முடிந்தது. முடியச் செய்த ஆராய்ச்சியில் முக்கியமான பகுதி, எம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் டென்மார்க்கில் நடந்தது.

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1908இல் லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் அல்பேர் கல்மெற் என்ற வைத்தியரும் கமிய் கெரின் என்ற மிருகவைத்தியரும் மாடுகளின் காசநோய்க் கிருமியை, பித்தமும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்து, சுமார் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிய கிழங்குக்கு மாற்றி வந்தார்கள். முதலாம் உலகப் போரில் லீல் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தபோதும் அவர்கள் இதைக் கைவிடவில்லை. 13 ஆண்டுகளில் 230 தடவை மாற்றியபின், கிருமி உயிரோடு இருந்தது. நோய் உண்டாக்கும் வல்லமையை இழந்திருந்தது. 1921இல் பாரிஸில், தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த ஒரு சிசுவுக்கு அது முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது. அந்த 13 ஆண்டுகளில் கிருமி எதை இழந்தது என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாது.

அறியாமைக்கு விலையும் கொடுக்கப்பட்டது. 1930இல் ஜேர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து பெற்ற சுமார் 250 சிசுக்களில் 70க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்குள்ள ஆய்வுகூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துபோனதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கல்மெற்றின் மருந்தில் குற்றமில்லை. ஆனால் அந்தத் துயரத்தோடுதான் அவர் 1933இல் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டென்மார்க் முன்னுக்கு வந்தது. கொப்பன்ஹேகனில் 1902இல் நிறுவப்பட்ட அரச சீரம் நிறுவனம் பி.சி.ஜி.யைத் தயாரித்து வந்தது. டேனிஷ் செஞ்சிலுவைச் சங்கம் ஏனைய ஸ்கண்டிநேவிய அமைப்புகளோடும் யுனிசெப்போடும் சேர்ந்து 1948 முதல் 1951 வரை பெரியதோர் இயக்கத்தை நடத்தியது. போரில் சிதைந்த போலந்து, பலஸ்தீன அகதிகள், இந்தியா, இலங்கை என்று அது பரந்தது. ஏறத்தாழ 3 கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டு, அவர்களில் சுமார் 1 கோடி 40 இலட்சம் பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. எமது புயத்துத் தழும்புக்கு வழி திறந்தது இந்த இயக்கமே.

இந்தியாவுக்கான மருந்தைத் தயாரிக்க 1948இல் சென்னை கிண்டியில் ஆய்வுகூடம் அமைந்தது. 1955இல் ராஜாஜி இந்த ஊசியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். விஞ்ஞானத்துக்கு எதிரான குரல் என்று பலர் அதை ஒதுக்கினார்கள். ஒதுக்குவதற்கு ஆதாரமும் இருந்தது. பிரித்தானியாவில் 1950இல் தொடங்கி, சுமார் 54,000 மாணவரைக் கொண்டு நடத்திய சோதனையில் கொப்பன்ஹேகன் மருந்து ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பை அளித்தது. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த சோதனையில் பலன் மிகச் சொற்பம். ஐயத்தைத் தீர்க்கவென்று செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் சோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 மக்கள் அதில் சேர்க்கப்பட்டனர். டென்மார்க் வகையும் பாரிஸ் வகையும் பயன்படுத்தப்பட்டன.

1979இல் முடிவு வெளியானது: வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் பின் 1999இல் வெளியான அறிக்கையும் அதையே சொன்னது. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமிகளோடு எமது உடல்கள் முன்னரே பழகிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இன்றும் ஏற்கப்படும் விளக்கம். குழந்தைகளை மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. ஆகவே அது இன்றும் ஏற்றப்படுகிறது, ஏற்றப்படவும் வேண்டும். ஆனால் நோயைப் பரப்புபவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது கேடயமல்ல. இதை ஐயத்துக்கு இடமின்றி உலகுக்குச் சொன்னவர்கள் செங்கல்பட்டுக் கிராமத்து மக்கள்தான். உலக மருத்துவ வரலாற்றில் தமிழர் பெயரில்லாமல் எழுதிய பக்கம் இது.

அதன்பின் கேள்வி கொப்பன்ஹேகனுக்கே திரும்பியது. அரச சீரம் நிறுவனத்தின் நிர்ப்பீடனவியலாளர் பீட்டர் அண்டர்சனின் குழு, உயிருள்ள காசநோய்க் கிருமி தன்னைச் சுற்றிச் சுரக்கும் புரதங்களை ஆராய்ந்தது. உடலின் ரி-கலங்கள் முதலில் காண்பது இவற்றைத்தான் என்பது அவர்களின் எண்ணம். 1995இல் அவர்கள் வெளியிட்ட புரதம் எசாட்-6. அதை ஆக்கும் பரம்பரையலகு பி.சி.ஜி. கிருமியில் இல்லை. லீல் நகரத்து உருளைக்கிழங்கில் தொலைந்தது எது என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் விடை கிடைத்தது.

எமக்கு நேரடியாகப் பயன்பட்டதும் இதுவே. ஊசி ஏற்றியவரின் இரத்தத்தில் எசாட்-6ஐச் சேர்த்தால் அவரது வெண்குருதிக்கலங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. உண்மையான தொற்று உள்ளவருடையவை கண்டுகொண்டு கிளர்ந்தெழும். இவ்வடிப்படையில் அமைந்த இரத்தப் பரிசோதனைகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவனைக்கு வந்தன. 'சின்னனிலை போட்ட ஊசி' என்ற பதிலைச் சரிபார்க்க அப்போதுதான் வழி பிறந்தது. பதில் எப்போதும் சரியாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்மில் பலரிடம் தொற்று உறங்கிக் கிடந்தது.

புதிய தடுப்பூசியின் பாதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. எசாட்-6ஐயும் வேறு இரு புரதங்களையும் இணைத்து அந்நிறுவனம் உருவாக்கிய எச்56 தடுப்பூசி, சிகிச்சை முடித்தவர்களிடம் நோய் திரும்புவதைத் தடுக்குமா என்று தென்னாபிரிக்காவிலும் தான்சானியாவிலும் சோதிக்கப்பட்டது. தடுக்கவில்லை. உலகில் 2023இல் மட்டும் 12½ இலட்சம் பேரைக் கொன்ற நோய்க்கு, 1921ஆம் ஆண்டின் ஊசியைத் தவிர அனுமதி பெற்ற வேறு தடுப்பூசி இன்னும் இல்லை.

ஆனால் அதே ஆய்வுகூடத்து அறிவு இன்னொரு நோயின் பக்கம் போனது. கிளமிடியா என்னும் பற்றீரியா கலங்களுக்குள் ஒளிந்து வாழ்வது. அதன் சில வகைகள் இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கிக் கண்ணைக் குருடாக்கும். வேறு சில பாலுறவால் தொற்றும். பெண்களில் பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாமல் பலோப்பியன் குழாயைத் தழும்பாக்கிக் குழந்தைப் பேற்றைக் கெடுக்கவும் கூடும். 1960களில் செத்த கிருமியைக்கொண்டு கண்ணோய்க்குச் செய்த தடுப்பூசிகள் நிலைத்த பாதுகாப்பைத் தரவில்லை. சில சோதனைகளில், பின்னர் தொற்றியபோது நோய் கடுமையானது. அந்தப் பயத்தில் முயற்சி பல ஆண்டுகள் தேங்கி நின்றது.

கொப்பன்ஹேகன் குழு முழுக் கிருமியை விட்டு, அதன் மேலுறைப் புரதத்தின் துண்டுகளை மட்டும் எடுத்தது. அவற்றோடு சேர்த்த துணைமருந்தில் ஒரு பொருள், காசநோய்க் கிருமியின் கொழுப்புறையில் உள்ள ஒன்றைப் பார்த்துச் செயற்கையாக ஆக்கப்பட்டது. ஒரு பகைவனின் உடையைக் காட்டி இன்னொரு பகைவனுக்கு எதிராக உடலை எழுப்பும் வித்தை. லண்டனில் 35 பெண்கள் பங்கேற்ற முதற் சோதனை 2019இல் வெளியானது. ஊசி பெற்ற அனைவரிடமும் பிறபொருளெதிரிகள் தோன்றின. நோயைத் தடுக்குமா என்பதற்கு விடை இன்னும் வரவில்லை.

இந்த இரு நோய்களையும் எமது சமூகம் ஒரே விதமாகவே நடத்தியிருக்கிறது. சயரோகக்காரர் இருந்த வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்கினோம். பிள்ளையில்லாத பெண்ணை மலடி என்றோம். அவளது கணவனின் உடலில் இருந்தும் கிருமி வந்திருக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. தடுப்பூசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: கிளமிடியாவைச் சிறுநீரிலேயே கண்டுபிடிக்கலாம், சில நாள் மாத்திரையில் குணமாக்கலாம். உறங்கும் காசநோயைச் சில மாத மாத்திரையில் அடக்கலாம். இரண்டுக்கும் முதலில் வைத்தியரிடம் வாய்திறக்க வேண்டும்.

எமது பிள்ளைகள் பலரின் புயத்தில் அந்தத் தழும்பு இல்லை. டென்மார்க் 1980களில் எல்லோருக்கும் பி.சி.ஜி. ஏற்றுவதை நிறுத்தியது, பிரித்தானியா 2005இல் பாடசாலை ஊசியை நிறுத்தியது. அவர்கள் எமது கையைத் தொட்டு 'இது என்ன' என்று கேட்கும்போது, லீல் நகரத்து உருளைக்கிழங்கையும் செங்கல்பட்டையும் சேர்த்தே சொல்லலாம்.