பழைய ஜீப் பிக்கப்பும் பிரேக்கும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். கிருஷ்ணகிரி சுமார் 500. ஐம்பது கிலோமீட்டரில் அவ்வளவு இறக்கம். பாரம் ஏற்றிய பழைய ஜீப் பிக்கப்புக்கு அதுவே பரீட்சை. வில்லிஸ் வழி வந்த அந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டரிலோ ஒரே அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் அடிவரை இறங்கிவிடும். மிச்சம் கைபிரேக்தான்.

பிரேக் பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய, 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. சென்னை பாடியில் தொழிற்சாலை வந்தது.

பழைய வண்டிக்குப் பாகம் தேடி ஓசூர்க்காரர்கள் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போவார்கள். முதலில் வாங்க வேண்டியது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். குழாயையும் முன், பின் எனப் பிரித்துவிட்டால், ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். பெயின்ட் அப்புறம் அடிக்கலாம்.