ராண்டல்ஸ் தீவில் ஒரு ஓடுதளம்

ஹார்லெமில் 125ஆவது தெருவில் எம்35 பஸ் பிடித்தால் பாலம் ஏறி ராண்டல்ஸ் தீவில் இறக்கிவிடும். முதல் தடவை போனபோது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் விளையாட்டு சம்பந்தப்பட்ட ஒரு முகம்கூட இல்லை. தீவிலுள்ள வீடற்றோர் காப்பகங்களுக்கும் மனநல மருத்துவமனைக்கும் போகிறவர்கள்தான் பாதிக்கு மேல். நான் தேடிப்போனது ஐகான் ஸ்டேடியம்.

2008 மே 31 இரவு அந்த ஸ்டேடியத்தில்தான் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.72 விநாடியில் ஓடினார். அதுதான் அவருடைய முதல் 100 மீட்டர் உலக சாதனை. அன்று இடியும் மின்னலுமாக இருந்ததால் போட்டி நிறுத்தப்பட்டு, இரவு வெகுநேரம் கழித்துத்தான் அந்த ஓட்டம் நடந்தது. இரண்டாவது வந்த டைசன் கே 9.85. அதுவரை 200 மீட்டர்காரர் என்று அறியப்பட்ட 21 வயதுப் பையனை, பெய்ஜிங்குக்கு இரண்டரை மாதம் முன்பு, கொடிகளோடு வந்திருந்த நியூயார்க் ஜமைக்கர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

பள்ளியில் சுண்ணாம்புக்கோடு போட்ட மண்தரையில் 800 மீட்டர் ஓடியவன் நான். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்த இடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதுதான் கேள்வி வந்தது. எண்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஓடுதளத்தை ஏன் ஆற்றுக்கு நடுவே, பாலத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்கள்? அமெரிக்காவின் பெரிய தடகளப் போட்டிகள் ஏன் இங்கே நடக்காமல், ஓரிகன் மாநிலத்தில் யூஜின் என்கிற, இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் நடக்கின்றன?

*

இரண்டு கேள்விக்கும் விடை 1936 ஜூலையில் தொடங்குகிறது.

அதற்கு முன்பு ராண்டல்ஸ் தீவு, நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்ததையெல்லாம் ஒதுக்கிவைக்கும் இடம். ஏழைகளின் இடுகாடு, மருத்துவமனைகள், சிறார் சீர்திருத்த இல்லம் எல்லாம் அங்கே இருந்தன. ராபர்ட் மோசஸ் வந்தார். நகரத்தின் பூங்காத் துறையும் ட்ரைபரோ பால ஆணையமும் அவர் கையில். மன்ஹாட்டன், பிராங்க்ஸ், குயின்ஸ் மூன்றையும் இணைக்கும் பாலத்தின் கால்கள் இந்தத் தீவில்தான் ஊன்றின. தீவைக் காலிசெய்து பூங்காவாக்கி, பெருமந்தக் காலத்து வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் ஸ்டேடியத்தை அங்கே கட்டினார்கள்.

மோசஸின் வாழ்க்கையை எழுதிய ராபர்ட் காரோ பாலத்தைப் பற்றி ஒன்று சொல்கிறார். மன்ஹாட்டன் பக்கம் பாலம் 103ஆவது தெருவருகே இறங்கியிருந்தால் ஓட்டுநர்களுக்குச் சுற்று மிச்சம். இறங்கியது 125ஆவது தெருவில். பத்திரிகை முதலாளி ஹர்ஸ்டுக்கு அங்கே சொத்து இருந்தது, அவருடைய பத்திரிகைகளைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. நான் ஹார்லெமில் பஸ் ஏறியதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு.

1936 ஜூலை 11, சனிக்கிழமை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பாலத்தைத் திறந்துவைத்தார். அவருக்கும் மோசஸுக்கும் ஆகவே ஆகாது. இருந்தும் ஒரே மேடை. அதே நாளில், அதே தீவில், புது ஸ்டேடியத்தில் பெர்லின் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க ஆண்கள் தடகளத் தகுதிப் போட்டி தொடங்கியது. பாலத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் சேர்த்து ஒரே திறப்பு விழா மாதிரி. ஓட்டப்பந்தயக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு இடம் சொல்லியிருப்பார்களோ என்னவோ. அந்த வாரம் நியூயார்க் வெந்துகொண்டிருந்தது. ஜூலை 9 அன்று சென்ட்ரல் பார்க்கில் பதிவான 106 டிகிரி ஃபாரன்ஹீட்டை இன்றுவரை எந்த நாளும் தாண்டவில்லை.

அந்த வெயிலில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல் மூன்றிலும் முதலாவதாக வந்தார். மறுநாள் உயரம் தாண்டுதலில் கார்னீலியஸ் ஜான்சன், டேவ் ஆல்பிரிட்டன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களும் 2.07 மீட்டர் தாண்டினார்கள். ஒரே மதியத்தில் ஒரே உலக சாதனை, இரண்டு பேர் பெயரிலும். ஆல்பிரிட்டனும் ஓவன்ஸும் அலபாமாவில் பிறந்து, கிளீவ்லாண்டில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள்.

அமெரிக்க முறையில் தகுதிப் போட்டி ஈவிரக்கமில்லாதது. முந்தைய சாதனையெல்லாம் கணக்கில் வராது, அன்றைக்கு முதல் மூன்று இடம்தான் கணக்கு. ஒரு வாரம் முன்பு கோலூன்றித் தாண்டுதலில் உலக சாதனை படைத்திருந்த ஜார்ஜ் வாராஃப் இங்கே நான்காவதாக வந்தார். பெர்லின் கப்பலில் அவருக்கு இடமில்லை.

புரூக்ளினைச் சேர்ந்த 18 வயது மார்ட்டி கிளிக்மன் 100 மீட்டர் இறுதிப்போட்டியில் ஓடினார். நடுவர்கள் ஐந்தாவது என்றார்கள். தான் மூன்றாவதாக வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். எப்படியோ, தொடர் ஓட்ட அணியில் இடம் கிடைத்துக் கப்பல் ஏறினார். பெர்லினில் தகுதிச் சுற்று நடந்த அன்று காலையில் அவரையும் சாம் ஸ்டோலரையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்கத் தடகள அணியில் இருந்த யூதர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ராண்டல்ஸ் தீவில் ஒரு முடிவுக்கோட்டை யார் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது ஒரு பையனின் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தது. தனி ஓட்டத்தில் இடம் பிடித்திருந்தால் அவ்வளவு சுலபமாக எடுத்திருக்க முடியுமா?

அந்த வார இறுதியில் தீவில் ஓடியவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கான தகுதிப் போட்டி ஒரு வாரம் முன்பே, வேறு மாநிலத்தில், பிராவிடன்ஸில் முடிந்துவிட்டது. பெண்கள் இந்தத் தீவில் ஒலிம்பிக்குக்காக ஓட 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அடுத்த மாதம் நடந்தது. ஹிட்லரின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று சொல்லித் தோற்றவர்கள், ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒரு எதிர்ப்புப் போட்டி நடத்தினார்கள். முன்னின்று நடத்தியது யூதத் தொழிலாளர் கமிட்டி. பெயர், உலகத் தொழிலாளர் தடகளத் திருவிழா. இடம், அதே ராண்டல்ஸ் தீவு ஸ்டேடியம். பெர்லினுக்கு ஆள் பிடித்த ஓடுதளத்திலேயே, ஐந்து வாரம் கழித்து, பெர்லினுக்கு எதிராக ஓடினார்கள்.

*

அதற்குப் பிறகு ஸ்டேடியம் மெதுவாகப் பழசானது. 1938இல் அங்கே நாள் முழுக்க ஜாஸ் கச்சேரி நடந்தது, 1970இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தார். 1955இல் டவுனிங் ஸ்டேடியம் என்று பெயர் மாற்றினார்கள். புரூக்ளினில் எபட்ஸ் ஃபீல்டை இடித்தபோது அதன் விளக்குகள் இங்கே வந்தன. 1975இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்காக முதல் ஆட்டம் ஆடியது இங்கேதான். தரையில் புல்லைவிட மண்தான் அதிகம். தொலைக்காட்சியில் பச்சையாகத் தெரிய வேண்டுமே என்று பெயின்ட் அடித்தார்கள். ஆட்டம் முடிந்து கால் பச்சையாக இருப்பதைப் பார்த்த பெலே, ஏதோ பூஞ்சை ஒட்டிக்கொண்டது என்று பயந்துபோனார் என்பார்கள்.

1991 ஜூனில் தேசிய சாம்பியன்ஷிப் இங்கே வந்தது. 14ஆம் தேதி 100 மீட்டரில் லெராய் பரெல் 9.90 ஓடி உலக சாதனையைப் பிடித்தார். பக்கத்தில் ஓடி 9.93இல் தோற்றவர், சாதனையை அதுவரை வைத்திருந்த கார்ல் லூயிஸ். இரண்டு பேரும் ஒரே கிளப். வாழ்நாளில் ஒரு தடவை பார்க்கக் கிடைக்கிற ஓட்டம், பெயின்ட் உரிந்த கிழட்டு ஸ்டேடியத்தில் நடந்தது.

அதே காலத்தில் மற்ற பெரிய நகரங்களில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் இரண்டு ஒலிம்பிக்கைப் பார்த்த இடம். 1993இல் அதன் ஓடுதளத்தைப் பெயர்த்துவிட்டுத் தரையைத் தாழ்த்தினார்கள்; அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஆட்டம் கிட்டத்தில் தெரிய வேண்டும். அட்லாண்டாவில் 1996 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டேடியம், போட்டி முடிந்ததும் பேஸ்பால் மைதானமாக மாறியது. மாற்றவேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துதான் கட்டினார்கள். மைக்கேல் ஜான்சன் 19.32 ஓடிய ஓடுதளத்தைச் சுருட்டி ஒரு கல்லூரிக்குக் கொடுத்தார்கள்.

காரணம் எளிமையானது. நானூறு மீட்டர் வளையம் பார்வையாளரை ஆட்டத்திலிருந்து தள்ளிவைக்கிறது. வருடத்தில் நான்கு நாள் ஓட்டத்துக்காக, மீதி நாள் டிக்கெட் விலையைக் குறைத்துக்கொள்ள எந்த முதலாளியும் தயாரில்லை. நகரத்தில் நிலம் விலை ஏற ஏற, வட்டமாக ஓடுகிறவனுக்கு இடம் சுருங்குகிறது.

யூஜினில் அந்தப் போட்டியே இல்லை. ஹேவர்ட் ஃபீல்ட் 1919இல் தொடங்கிய பல்கலைக்கழக மைதானம். பில் பவர்மன் அங்கே பயிற்சியாளர். அவரிடம் ஓடிய மாணவர் ஃபில் நைட். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் பிறகு நைக்கி ஆனது. 1972, 76, 80 ஒலிம்பிக் தகுதிப் போட்டிகள் அங்கே. 2008இலிருந்து 2024 வரை ஐந்தும் அங்கேயேதான்.

நடுவில் ஒரு தடவை மாற்றப் பார்த்தார்கள். 2020 தகுதிப் போட்டியை லாஸ் ஏஞ்சலஸ் புறநகரிலுள்ள மவுன்ட் சான் ஆன்டோனியோ கல்லூரிக்குக் கொடுப்பதாக 2017இல் அறிவித்தார்கள். அங்கே ஸ்டேடியம் கட்டுவதை எதிர்த்து உள்ளூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் அறிவிப்பை வாபஸ் வாங்கி, கடைசியில் யூஜினுக்கே கொடுத்தார்கள். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய், 2021 ஜூனில் போட்டி நடந்தது. கடைசி நாள் ஓரிகனில் வரலாறு காணாத வெயில். ஏழு போட்டி வீராங்கனை டாலியா புரூக்ஸ் ஓடுதளத்திலேயே சுருண்டு விழுந்தார். பிற்பகல் நிகழ்ச்சிகளை நிறுத்தி, இரவுக்கு மாற்றினார்கள். 1936இன் வெயில் 85 வருடம் கழித்து நாட்டின் மறுகோடியில் போய் அடித்த மாதிரி இருந்தது.

*

ஆபீஸில் டெண்டர் மதிப்பிடும் வேலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு தகுதிக்கும் மதிப்பெண், அதற்கு ஒரு எடை. நேர்மையான முறை மாதிரிதான் தெரியும். ஆனால் ஷீட் திறப்பதற்கு முன்னாலேயே யார் போட்டியில் இருக்க முடியும் என்பது முடிவாகியிருக்கும். ஸ்டேடியத் தேர்வும் அப்படித்தான் எனக்குப் படுகிறது. இருக்கை, வார்ம்-அப் தளம், ஹோட்டல் அறைகள், விமான நிலையம் என்று மதிப்பெண் போடலாம். அதற்குப் பல வருடம் முன்பே யாரோ ஒருவர் ஓடுதளத்தைப் பெயர்த்திருப்பார், அல்லது பெயர்க்காமல் விட்டிருப்பார்.

யூஜின்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கடைசியாக வருகிற பத்தாயிரம் மீட்டர்காரருக்கும் எழுந்து நின்று கைதட்டுகிற கூட்டம் அது. ஆனால் அங்கே போக நாட்டின் மூலையைத் தேடிப் பறக்க வேண்டும், ஹோட்டல் கிடைக்க வேண்டும், காசு வேண்டும். பிராங்க்ஸில் ஓடுகிற பள்ளிப்பெண் டிவியில்தான் பார்ப்பாள்.

நியூயார்க்கும் ஏறக்குறைய அந்தத் தவறைச் செய்திருக்கும். டவுனிங் ஸ்டேடியத்தை 2002இல் இடித்தார்கள். அந்தத் தீவு நிலத்தில் வேறு எதுவும் வந்திருக்கலாம். கார்ல் ஐகான் என்ற கோடீஸ்வரர் ஒரு கோடி டாலர் கொடுத்தார், மீதியை மற்றவர்கள் போட்டார்கள். 2005இல் புது ஸ்டேடியம் திறந்தது. இருக்கைகள் ஐயாயிரம்தான், பழசில் கால்வாசி. ஆனால் ஓடுதளம் மிஞ்சியது. மூன்று வருடத்தில் போல்ட் வந்தார்.

நான் போன அன்று பெரிய போட்டி எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் குழுகுழுவாகப் பயிற்சியில் இருந்தார்கள். ஒரு பெண் தடைகளுக்கு நடுவே காலடி எண்ணி எண்ணி நடந்து, திரும்பி வந்து, மறுபடி எண்ணினாள். போல்ட் ஓடிய நேர்பாதையில் இரண்டு பையன்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அதே எம்35. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், கையில் துணிப்பையோடு, காப்பகத்தில் ஏறியவர். ஸ்டேடியம் பக்கம் தலையை ஆட்டிக் கேட்டார்.

"இன்னிக்கு யார் ஜெயிச்சா?"

"போட்டி இல்லைங்க. பசங்க பிராக்டிஸ்."

"சரி, ஓடட்டும்" என்றார். பஸ் பாலம் ஏறியது.