வேப்பஞ் சவர்க்காரமும் டொக்டர் எழுதும் சோப்பும்

மாத்தளையிலிருந்து நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் சந்தனக் களியும் மூலிகைச் சவர்க்காரமும் விற்பார்கள். சில்லறைக் கடைகளில், 1941இல் தொடங்கிய சுவதேசி நிறுவனத்தின் கொஹொம்ப (சிங்களத்தில் வேம்பு) சவர்க்காரம் கிடைக்கும். முகத்தில் எண்ணெய் வழிந்து பரு கிளம்பும் பிள்ளைக்கு வீட்டார் முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் இத்தகைய வேப்பஞ் சவர்க்காரந்தான். தோல் டொக்டர் எழுதித் தருவதோ சிண்டெட், அதாவது செயற்கைக் கழுவுபொருளால் செய்த கட்டி. பார்க்கச் சவர்க்காரம் போலவே இருக்கும். ஆனால் அது சவர்க்காரமே அல்ல.

தேங்காயெண்ணெயோ வேறு கொழுப்போ கோஸ்டிக் சோடாவுடன் சேர்ந்தால்தான் சவர்க்காரம் பிறக்கும். கலந்தது வேப்பெண்ணெயா சந்தனமா என்பது மணத்தையும் நிறத்தையும் மாற்றலாம்; காரத்தை மாற்றாது. சவர்க்காரத்தின் பிஎச் 9 முதல் 10 வரை நிற்கும். நம் தோலோ 5.5ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது. கழுவியதும் வரும் அந்த 'கிறீச்' என்ற சுத்தம், தோலின் காப்புப் படலமும் கழன்றுபோனதன் அடையாளம். சிண்டெட்டை 5.5க்கு அருகிலேயே செய்ய முடிகிறது. வேம்புக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அரை நிமிடத்தில் கழுவி ஊற்றும் நுரையில் அது எவ்வளவு வேலை செய்துவிடும்?

1995இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று 120 இளையோரை இரு பிரிவாக்கி மூன்று மாதம் கவனித்தது. சவர்க்காரம் போட்டவர்களின் சிவந்த பருக்கள் சராசரியாக 14.6இலிருந்து 15.3 ஆயின. அமிலத்தன்மையுள்ள சிண்டெட் பிரிவில் 13.4 என்பது 10.4 ஆகக் குறைந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் எனக்கு அது போதிய எச்சரிக்கை.

மாத்தளைப் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே சுண்ணக்கல் பாறை ஓடுகிறது. அதன் வழியே ஊறிவரும் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்தால் கரையாத கசடாகும். வாளி விளிம்பில் ஒட்டுகிற அதே கசடு முகத்திலும் தங்கி, தோலை உறுத்தும். நுரை வரவில்லையே என்று பிள்ளை இன்னும் தேய்க்கும். நம் மாநிறத் தோலில் இந்தத் தேய்ப்பு வெகு பொல்லாதது: பரு போன பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிண்டெட் இப்படிக் கசடு கட்டுவதில்லை.

விலையில் வேப்பஞ் சவர்க்காரமே வெல்லும். வயல் வேலை முடித்து வருபவரின் கை, கால், முதுகுக்கு அது தாராளமாகப் போதும். முகத்துக்கு மட்டும் சிண்டெட்டைத் தனியாக வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும். காலையும் மாலையும் இரண்டே தடவை, விரல் நுனியால், நாரில்லாமல். எந்தச் சோப்பும் தனியாகப் பருவை மாற்றாது. வலிக்கும் கட்டிகளுக்கு மருந்து வேண்டும்.

வேப்பஞ் சவர்க்காரம்தான் கைக்கெட்டும் என்றால் தண்ணீரையாவது மாற்றலாம். கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை இறுத்து முகம் கழுவட்டும். மழைக் காலத்தில் பிடித்து வைத்த மழைநீரே போதும்.