விஜயந்தா டாங்கியும் அளவு மாதிரிகளும்

விஜயந்தா, இந்தியாவில் கட்டப்பட்ட முதல் முதன்மைப் போர் டாங்கி ஆகும். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைக் கொண்டு, தாம்பரத்துக்கு வடக்கே உள்ள ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் இது தயாரிக்கப்பட்டது. 105 மி.மீ. பீரங்கி பொருத்தப்பட்ட இது 1971 போரில் பங்கேற்றது.

டாங்கி மாதிரிகள் பெரும்பாலும் 1:35, 1:72 ஆகிய அளவுகளில் கிடைக்கின்றன. 1:35 அளவு, ஜப்பானின் தாமியா நிறுவனம் 1961-இல் வெளியிட்ட பாந்தர் டாங்கி மாதிரியிலிருந்து பரவியது. உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதால் அந்த அளவு அமைந்தது.

சுமார் 3.17 மீட்டர் அகலமுள்ள விஜயந்தா, 1:35 அளவில் 9 செ.மீ. அகலம் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய டைகர், 1:72 அளவில் 5 செ.மீ. மட்டுமே. அருகருகே வைத்தால் டைகர் சிறியதாகத் தெரியும். உண்மையில் டைகரின் எடை சுமார் 57 டன். விஜயந்தா சுமார் 39 டன். எனவே மாணவர்கள் ஒரே அளவிலுள்ள மாதிரிகளையே ஒப்பிட வேண்டும்.