பவேரிய அரச மாளிகைச் சுற்றுலா

ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள பவேரிய அரச மாளிகைகளை வழிகாட்டியுடன் ஒரே நாளில் காணும் பயணம். பெரும்பாலும் மியூனிக் நகரிலிருந்து காலையில் பேருந்தில் தொடங்கும்.

லிண்டர்ஹோஃப்: மன்னர் இரண்டாம் லூட்விக் கட்டியவற்றுள் அவர் காலத்திலேயே முழுமை பெற்ற ஒரே மாளிகை (1878). பணியாளர் கண்ணில் படாமல் மன்னர் தனித்து உண்பதற்காக, உணவு மேசை கீழ்த்தளத்திற்கு இறக்கப்பட்டு, உணவு பரிமாறப்பட்டபின் மேலேற்றப்பட்டது.

நொய்ஷ்வான்ஸ்டைன்: ஹோஹென்ஷ்வாங்காவ் ஊருக்கு மேலே குன்றின்மீது உள்ளது. கட்டுமானம் 1869இல் தொடங்கியது. 1886இல் மன்னர் இறந்தபோதும் முடியவில்லை. அரியணை மண்டபத்தில் இன்றும் அரியணை இல்லை. மன்னர் இறந்த சில வாரங்களிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பார்வை முறை: நொய்ஷ்வான்ஸ்டைனுக்குள் நேரம் குறித்த சீட்டுடன், வழிகாட்டி உடன்வர மட்டுமே செல்லலாம், உள்ளே படமெடுக்கத் தடை உண்டு. ஊரிலிருந்து மேட்டுப்பாதையில் நடந்தோ குதிரை வண்டியிலோ ஏறலாம். மாளிகையின் முழுத் தோற்றம் பொல்லாட் பள்ளத்தாக்கின் குறுக்கேயுள்ள மரியா பாலத்திலிருந்து தெரியும்.

இவ்விரு மாளிகைகளும் அதே மன்னர் கட்டிய ஷாகன், ஹெரன்கீம்சே ஆகியவற்றுடன் 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.